இன்னும் கொஞ்சம் இளைத்தால்

மே மாத மும்பையில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. செம்பூர் வீட்டில் என் கணவர் பனியன் நனைய உட்கார்ந்திருப்பார். நான் போர்வைக்குள் கிடப்பேன். தலை வாரினால் முடி கொத்தாக வந்தது. மாதவிலக்கு தள்ளிப்போய், பிறகு வரவே இல்லை. இதையெல்லாம் நோய் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு சொன்னபடி கேட்கிறது என்று மகிழ்ந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு முன்நீரிழிவு (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) என்று தெரியவந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். என் அம்மா சர்க்கரை நோயில் முதலில் ஒரு விரலையும் பிறகு ஒரு காலையும் இழந்து, தாராவி வீட்டில் இறந்துபோனவள். தினமும் கட்டு மாற்றியவள் நான்தான். என்னிடம் யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோற்றைக் குறைத்தேன், நடந்தேன். சரியான எடைக்கு வந்தேன், சர்க்கரையும் இறங்கியது. “போதும், இதோட நிறுத்திக்கோங்கோ” என்றார் டாக்டர். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. இவ்வளவு இளைத்ததற்கே சர்க்கரை இறங்கியதென்றால், இன்னும் கொஞ்சம் இளைத்தால் அது என் பக்கமே வராதே! உயரத்துக்கு இவ்வளவு எடை என்று சொல்லும் அட்டவணைப்படி நான் இன்னமும் சரியான எடையில்தான் இருந்தேன். அதுதான் என் துணிச்சல்.

போதாக்குறைக்கு ரயில் வேறு. லோக்கலின் பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருத்தி நுனியில் ஒட்டிக்கொள்வாள். குண்டாக இருந்த காலத்தில் என்னைக் கண்டதும் பெஞ்சே இறுகிக்கொள்ளும். இப்போது என்னோடு தினமும் வரும் சுனந்தா தாயி (மராத்தியில் அக்கா) கூட்டத்திலும் என்னைத் தேடிக் கூப்பிடுவாள்: “அரே, தூ தோ பத்லி ஹை, பைட் ஜா!” நீதான் ஒல்லியாச்சே, உட்காரு என்று. வீட்டில் எடை இயந்திரம் இருந்தது. ஆனாலும் நான் இந்த அழைப்பைத்தான் நம்பினேன்.

கணவர் மட்டும் விடவில்லை. “ஏட்டி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. யாருக்காவ இப்படி வயித்தக் காயப்போடுத?”

“ஒங்களுக்காவத்தான். நாளைக்கு எனக்குக் கட்டு மாத்துத வேலை ஒங்களுக்கு வேண்டாம்லா?”

அவர் வாயை அடைத்துவிட்டோம் என்று எனக்கு அன்று திருப்தியாகக்கூட இருந்தது.

ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, அந்த நாலாவது இடத்திலிருந்து நான் சரிந்து விழுந்தேன். கண் இருட்டியது. யாரோ தலையை மடியில் எடுத்து வைத்தார்கள். சுனந்தா தாயி தன் டப்பாவிலிருந்த எள்ளுருண்டையைப் பிட்டு என் வாயருகே கொண்டுவந்தாள். வெல்லத்தின் வாசனை வந்தது. நான் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். பாதி மயக்கத்திலும் அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் விரலால் பல்லை நெம்பித்தான் ஊட்டினாள். மயக்கம் தெளிந்த பிறகும் ஒரு பயம் விடவில்லை. சாகத் துணிந்தவள்போல வாயை மூடிக்கொண்டது நான்தானா என்ற பயம் அது.

மாட்டுங்காவில் அதே டாக்டர் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவது). மாதவிலக்கு நின்றதற்கும் உணவுக் குறைவே காரணம் என்றார்.

“சுகர் நார்மல், எடை நார்மல். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“அம்மாவுக்கு வந்தது எனக்கு வராதுன்னு சொல்லுங்க டாக்டர். நிறுத்திக்கிறேன்.”

“அதை என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா ஒண்ணு. இப்போ நீங்க கரைக்கிறது வெறும் கொழுப்பு இல்லை, தசையும் சேர்ந்து போறது. சாப்பிடற சர்க்கரையில பெரும்பங்கை எடுத்துக்கறதே தசைதான். காவலுக்கு நிக்கறவாளையே பட்டினி போட்டு விரட்டறேள்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்.

அன்றிரவு தோசை ஊற்றிய கணவர் என் தட்டில் ஒன்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “இன்னொண்ணு ஊத்தட்டா?” தலையாட்டினேன். அந்த இரண்டாவது தோசை தொண்டையில் இறங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இளைக்கும்போதுகூட நான் இவ்வளவு போராடியதில்லை.

என் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: போதும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால், அதையும் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் கழித்து மாதவிலக்கு திரும்பியது. எடை சற்று ஏறியிருக்கிறது. வயிறு சமயத்தில் உறுமுகிறது. முன்பு அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும், இப்போது பசிக்கிறது என்று மட்டும் தெரிகிறது. அம்மாவின் நோய் எனக்கும் ஒருநாள் வரலாம். அந்த நாளுக்காக இத்தனை காலம் பட்டினி கிடந்து காத்திருந்தேன். இன்று சாயங்காலம் பசித்தது. சாப்பிட்டேன்.