நடப்பதற்கு மட்டும் அனுமதி

காப்புக்காட்டில் மலையேற எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் உரிய காலத்தில் பதில் தரப்படும் என்கிறது விதி. முதல் பாதியை நான் கடைப்பிடித்துவிட்டேன். இமயமலைக்குக் கூட்டிப்போகும் குழுவோ, அறுபதைத் தாண்டியவர்கள் முதலில் உள்ளூர் மலை ஒன்றில் சுமையோடு ஏறிப் படம் அனுப்ப வேண்டும் என்கிறது. அதனால்தான் கல்வராயன் மலையடிவாரச் சோதனைச்சாவடியில் முதுகுச் சுமையும் புது பூட்ஸும் கைத்தடியுமாக நிற்கிறேன்.

வனக்காவலர் என் விண்ணப்ப நகலில் 'காரணம்' வரை படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தருகிறார்.

"ஆர்டர் இன்னும் வரலீங்க சார். காட்டு வழியா நடந்து போவ முடியாது. ஆபத்து."

பின்னால் வெள்ளிமலை பஸ், இரண்டு படியிலும் ஆட்கள் தொங்க, ஹார்ன் அடிக்கிறது. அவர் தடுப்புக் கம்பத்தை உயர்த்துகிறார்.

"இவர்களுக்கு அனுமதி?"

"அவங்க இன்னா நடக்கவா போறாங்க? நீங்களும் ஏறிக்கினு போங்க சார். மேல நின்னு ஒரு போட்டோ புடிச்சி அனுப்பினா யாரு கேக்கப் போறாங்க?"

படியில் தொங்குபவர் ஒருவர், பாதுகாப்பான பயணத்துக்கு அடையாளமாக, ஒரு கையை விட்டு எனக்கு டாட்டா காட்டுகிறார். முப்பது ஆண்டு அடுத்தவர் சான்றிதழ்களைச் சரிபார்த்தவன் நான். பொய்ப் படம் அனுப்பக் கை வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக எதிர்ப்புறம் போய் நிற்கிறேன்.

அனுமதிக் கடிதம் வந்தது. இமயத்தின் பனியில் நின்று எடுத்த படத்தைக் குழுவினர் எனக்கு அனுப்பிவைத்த அன்று.