மஞ்சள் தண்ணீரில் போன கிளைம்

டெக்சி ஓட்டுகிறவன் முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டலாம். பின்னால் வருகிறவனை நம்பித்தான் ஓட்ட வேண்டும். மலேசியாவில் ரந்தாவ் தோட்டத்து ஆட்களைச் சிரம்பான் டவுனுக்கு ஏற்றி இறக்கியே என் முக்கால் ஆயுள் போனது. சும்மா நின்றிருந்தபோது இடிபட்டு, இடித்தவனுடைய இன்சூரன்சில் கிளைம் கேட்டு அலைந்தவர்கள் யாராவது இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நம்ம ஆளு

மம்பாவ் சிக்னலில் ஆள் ஏற்றாமல் நின்றிருந்தேன். செம்பனைக் குலை ஏற்றும் பச்சை லோரி ஒன்று பின்னால் வந்து மோதியது. டெக்சியின் பின்பக்கம், சாமான் வைக்கும் பூட் மூடி கூடாரம் மாதிரி எழும்பிக்கொண்டது. லோரியிலிருந்து இறங்கி வந்தது லாபு ஊர்க்காரன் ராஜு. என் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றியவன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"நம்ம ஆளுங்கண்ணே, போலீசு எதுக்கு? நாளைக்குக் கோயில்ல வச்சிப் பேசிக்கலாம்."

கோயிலில் பேசியது

மறுநாள் காலையில் ராஜு போன் எடுக்கவில்லை. எனக்கு உறைத்தது. ஸ்டேஷனுக்கு ஓடி ரிப்போட் கொடுத்தேன். சொன்னபடி ராஜு கோயிலில் பேசத்தான் செய்தான், நான் இல்லாத நேரத்தில். கிளைம் கிடைக்காவிட்டால் டெக்சி பட்டறையிலேயே துருப்பிடிக்கும். அதைவிட, என் வண்டியில் ஏறுகிற அத்தனை பேருக்கும் நான் பொய்யன். அவன் சொன்னது என் காதுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

"கிழவன் எங்கேயோ சுவத்துல ரிவர்ஸ் விட்டுட்டு என் லோரி மேல பழி போடுறாருலா."

சிவப்பு

ராஜுவின் இன்சூரன்ஸ் கம்பெனி, சேதத்தைப் பார்த்து எழுத ஓர் அட்ஜஸ்டரை அனுப்பியது. சீனத் தம்பி. அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தமிழ் தண்ணீராக வந்தது. எனக்குத் தெம்பு வந்தது, அவர் பூட் பக்கம் குனிகிற வரைக்கும்.

வண்டி பட்டறைக்குப் போகுமுன் என் மனைவி சரசு திருஷ்டி கழித்திருந்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, நசுங்கிய இடமெல்லாம் குங்குமம் வைத்துவிட்டாள். ஒட்டியிருந்த பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு மிச்சமில்லை. தம்பி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"அங்கிள், பச்சை லோரி இடிச்சதுன்னு ரிப்போட்ல இருக்கு. இங்க எல்லாம் சிவப்பால்ல இருக்கு."

லாபுவில்

அவர் லோரியைப் பார்க்கக் கிளம்பினார். நானும் மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். பம்பரை நிமிர்த்திப் புதுப் பச்சை அடித்திருந்தான் ராஜு. இந்த லோரி யாரையும் தொட்டதில்லை என்று தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

ஆனால் அந்தப் புதுப் பச்சையின் மேல் மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது. குங்குமம் இருந்தது. முன் டயரடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. காப்பி கொண்டு வந்த ராஜுவின் மனைவியிடம் தம்பி மரியாதையாக, திருஷ்டி எல்லாம் கழித்தாயிற்றா அக்கா என்று விசாரித்தார். அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

"மம்பாவ்ல இடிச்சிட்டு வந்தாரில்ல, பெயிண்டு காஞ்சதுமே கழிச்சிட்டேன் தம்பி. இனிமே ஒண்ணும் வராது."

வாசம்

கிளைம் வந்தது. வண்டி வெளியே வந்த அன்று முதலில் ஏறியது தோட்டத்து லெட்சுமி அக்கா. வாரா வாரம் சிரம்பான் பசாரிலிருந்து அவள் வாங்கி வந்த கருவாடு, பலாப்பழம், கால் கட்டிய கோழி எல்லாம் அந்த பூட்டில்தான் பயணம் செய்தன. இப்போது அந்தத் தோட்டத்தில் வீடுகள் இல்லை, அக்கா தன் மகளோடு டவுனுக்குப் போய்விட்டாள், டெக்சியையும் விற்றுவிட்டேன். அன்றைக்கு அவள் புது மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்னதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

"பூட் அழகாத்தான் இருக்குண்ணே, ஆனா நம்ம கருவாட்டு வாசம் போயிடுச்சே."

என் வீட்டு மஞ்சள் தண்ணீர் கழுவிவிட்ட கிளைமை ராஜு வீட்டு மஞ்சள் தண்ணீர் மீட்டுக் கொடுத்தது என்பதால், அவன் வீட்டு விசேஷங்களுக்கு இன்றுவரை என் மனைவி போகிறாள், நான் போவதில்லை.