கேக்கக்காவும் நடுத்தூணும்

“பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ, பள்ளம் வருது!”

அம்மா இதைச் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இல்லை. வண்டியின் பின்பகுதியில் மூன்றடுக்காக நிற்கும் கேக்கிடம். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். ஏறியதும் விட்டுவிட்டு, “சமத்து” என்பாள். அதுவும் கேக்குக்குத்தான்.

ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி போகும். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும். அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுவாள். “உங்க வீட்டுக் கல்யாண கேக்கா இருந்தா இப்படி அடிப்பீங்களா சார்?” ஒருமுறை பின்னால் வந்தவர், “எங்க வீட்டுக் கல்யாண கேக்குதான்மா அது! அங்க எல்லாரும் காத்துட்டு இருக்காங்க!” என்று கத்தினார். அம்மா அதற்காகவும் வேகத்தைக் கூட்டவில்லை.

தெருவில் அவளுக்குக் கேக்கக்கா என்று பெயர். ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை. தலைக்கு மேல் நான்கு மாடி. காதில் எப்போதும் ஒரு தடித்த ஸ்ட்ரா செருகியிருக்கும், தச்சர் காதில் பென்சில் மாதிரி. கேக்கின் கீழ் அடுக்குக்குள் நாலைந்து ஸ்ட்ராவை நிறுத்தி, அவற்றின்மேல் அட்டை வைத்துத்தான் அடுத்த அடுக்கை ஏற்றுவாள். “கேக்குக்கு எலும்பு கிடையாதுடி. நாமதான் வைக்கணும்.” வேலை முடிந்ததும் மேசையை இடுப்பால் ஒரு இடி இடிப்பாள். கேக் ஆடிவிட்டு நிற்க வேண்டும். அந்த இடிக்கு அவள் வைத்த பெயர் பூகம்பம். “பூகம்பம் குடுத்தாச்சு, வண்டில ஏத்து!”

கேக்கோடு நின்றால் பரவாயில்லை. போகிற வீடுகளில் அலமாரி, சாப்பாட்டு மேசை, மாடிப்படிக் கைப்பிடி, எதையும் விடமாட்டாள். பல் மருத்துவரின் மேசைக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு. மருத்துவர் பதறிப்போய்க் கிருமிநாசினிப் புட்டியைப் பிடித்தார். மேசைக்கு ஒரு கால் குட்டை என்று அம்மா சைகையில் விளக்கினாள்.

இந்த இடிகளில் ஒன்று அப்பாவுக்கென்றே இருந்தது. அவர் கடைக்கு வந்தால் சரியாக நடுவழியில் நிற்பார். எந்த ஊரில் எவ்வளவு மழை என்று செய்தித்தாளைப் பார்த்து உரக்கப் படிப்பார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். “வழியில நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!” என்று அம்மா கிரீம் கிண்ணத்தோடு வருவாள். அவர் நகரமாட்டார். தோளால் ஒரு இடி இடித்துவிட்டுத் தாண்டிப் போவாள். அவர் அரையடி நகர்ந்து, மழையை முடித்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவார்.

அப்பா போன வருடம் நிலநடுக்கத்தில் இறந்தார். சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“பாதி சவரத்தோட போயிட்டாரு. போற எடத்துல என்ன நினைப்பாங்க?” என்று அம்மா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கட்டடப் பொறியாளர். உடைந்த கான்கிரீட்டைச் சோதிப்பது என் வேலை. அந்த இடிபாட்டுக்கும் போனேன். அதே கட்டடத்தில் சவரக் கடையை ஒட்டி ஒரு சோபாக் கடை இருந்தது. அதன் நடுவில் ஒரு தூண் இருந்திருக்க வேண்டும். தரையில் அதன் அடி மட்டும் கிடைத்தது. நேராக அறுத்து, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சுத்தமான வேலை.

வந்து சொன்னேன். அம்மா முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்காம் எடுத்தாங்க?”

“சோபா போட எடம் பத்தலையாம்.”

அம்மா இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

“உங்கப்பா சோபாவுல உக்காந்ததே இல்லடி,” என்றாள். “முதுகு வலிக்குதும்பாரு.”

அதன்பின் சில மாதங்கள் இடுப்பு இடிக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. மேசை ஆடும், அம்மா பேசமாட்டாள். பிறகு ஒரு நாள், “பூகம்பம் குடுத்தாச்சு!” என்று உள்ளேயிருந்து பழைய குரல். நான் திரும்பிப் பார்த்தேன். “என்னடி முறைக்கற? அந்த வார்த்தை என்ன பண்ணுச்சு, பாவம்?”

அந்தச் சமயத்தில் வேறொரு நாட்டில் பெரிய நடுக்கம் ஒன்று வந்தது. அங்கே ஒரு கடையின் காமிராவில் பதிவான காட்சி அம்மாவின் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அலமாரிகள் ஆடுகின்றன. கடைச் சிப்பந்தி ஓடிவந்து ஜாம் புட்டிகளை அணைத்துப் பிடிக்கிறான். இரண்டு கையும் நிறைந்துவிட, விழப்போன ஒன்றை முகவாய்க்கும் கழுத்துக்கும் நடுவில் பிடிக்கிறான். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “கழுத்தால பிடிக்கறான் பாரு! இவனை நம்ம கடைக்குக் கூப்பிடணும்டி!” இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “எத்தன பேரு போனாங்களாம்?”

“யாருமில்ல. ஒருத்தருக்குக் கை முறிஞ்சிருக்கு.”

சிரிப்பு நின்றது. “அவங்க பூமி மெதுவா ஆடுமோ?”

“நம்மளதவிட ஜாஸ்தியாத்தான் ஆடிருக்கு.”

“அப்புறம் எப்படிடி?”

“மண்ணு, ஆழம், எந்த நேரத்துல வருது, எல்லாத்துக்கும் பங்கு இருக்கும்மா. காசு இருக்கற நாடுங்கறதும் உண்டு. ஆனா தூணைத் தொடக்கூடாதுன்னு நம்ம சட்டத்துலயும்தான் எழுதியிருக்கு. அங்க யாராவது தொட்டா ஒரு ஆபீசர் வந்து நிப்பாரு. கூடாதும்பாரு. கூடாதுன்னா கூடாது.”

“இங்க?”

“இங்க வர்றவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க.”

அம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “கூடாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேறயா? உங்கப்பாகிட்ட நான் காலமெல்லாம் சும்மாவே சொல்லிட்டு இருந்தேனே!”

இந்த அம்மாதான் போன மாதம் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட பெரிய அடுப்பு வந்துவிட்டது. மூடப்போகிற ஒரு ஹோட்டலிலிருந்து வாங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. “ஒரே சமயத்துல எட்டு கேக்குடி, எட்டு!” என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். வந்த அடுப்பு நடைபாதையில் நின்றது. கடையின் நடுவில் ஒரு தூண். அம்மாவின் முழங்கை தினமும் இடித்துக்கொள்ளும் தூண், ஏப்ரன் மாட்டும் தூண், “குறுக்கால நிக்கற மாமனார்” என்று அவள் திட்டும் தூண். அதற்கும் சுவருக்கும் நடுவில் அடுப்பு நுழையவில்லை. அதைத் தார்ப்பாயால் மூடுவாள். கொஞ்ச நேரத்தில் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள். மறுபடி மூடுவாள்.

“சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், கோவிச்சுக்காத,” என்றது போனில் குரல். “நம்ம கடைத் தூணு ரொம்ப முக்கியமான தூணா?”

போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சோபாக் கடைக்காரரை நான் இதுவரை ஒரு அரக்கனாகவே நினைத்து வைத்திருந்தேன். அவரும் இப்படித்தான் யாரிடமாவது கேட்டிருப்பார், கொஞ்சம் கூச்சத்தோடு. பெரிய அடுப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள்.

கடையில் கட்டட உரிமையாளர் நின்றிருந்தார். புத்தம்புது வெள்ளைச் சட்டை. நல்ல மனிதர், அம்மாவை வாய் நிறைய அக்கா என்பார், அம்மாவுக்கு அவர் தம்பி. பக்கத்தில் கட்டிங் மெஷின்காரர், மெஷினைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு இதுல ஒரு லாபமும் இல்லம்மா,” என்றார் உரிமையாளர். “அக்கா ஆசப்படறாங்களேன்னுதான். ஒரு நாள் வேலை. பூசிட்டா இருந்த எடமே தெரியாது.”

“தெரியாதுதான். அங்கயும் டைல்ஸ் ஒட்டியிருந்தாங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தூணைப் பார்த்தாள்.

“சுத்தி இத்தன தூணு இருக்கேம்மா. ஒண்ணு போனா மத்ததெல்லாம் தாங்காதா?”

“தாங்கற மாதிரிதான் இருக்கும், பூமி ஆடற வரைக்கும்.”

“அது எப்ப ஆடப்போகுது!” என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா உள்ளே போனாள். கேக்கைச் சமப்படுத்த வெட்டி ஒதுக்கிய மேல்துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டில் கெட்டி ஐசிங்கைப் பரப்பினாள். நாலு மூலைக்கு நாலு ஸ்ட்ரா, நடுவில் ஒன்று. அதன்மேல் அட்டை. அட்டையின்மேல் நாலு துண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. உச்சியில் ஒரு செர்ரி.

“தம்பி, இது உங்க பில்டிங். கீழ நம்ம கடை, திறந்த எடம், வெறும் தூணு. மேல நாலு மாடி. செர்ரிதான் நீங்க.”

“நான் ரெண்டாவது மாடியிலல்ல இருக்கேன் அக்கா?”

செர்ரி இரண்டாவது மாடிக்கு இறங்கியது.

மேசைக்கு ஒரு பூகம்பம். கட்டடம் ஆடியது, நின்றது. அம்மா நடு ஸ்ட்ராவை மெல்ல உருவித் தன் காதில் செருகிக்கொண்டாள். கட்டடம் அப்போதும் நின்றது. உரிமையாளர் கைதட்டினார். “பாத்தீங்களா அக்கா! நிக்குது பாருங்க!”

“நிக்குதுல்ல தம்பி? பிடிங்க.” தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். “ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்.”

அவர் முன்சீட்டில், மடியில் தட்டு. நான் பின்னால், காலி டிரேக்களுக்கு நடுவில். முதல் பள்ளத்தில் கட்டடம் இடப்பக்கம் சாய்ந்தது. “பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!” என்று கேக்கிடம் சொன்னது இந்தத் தடவை அவர். வேகத்தடையில் மேல்மாடி நழுவியது. முகவாயால் தடுத்துப் பிடித்தார். “அக்கா, மெதுவா!” “மெதுவாத்தான் தம்பி போறேன். பள்ளத்த நானா தோண்டுனேன்?” சந்தை முக்கில் வழக்கமான பெரிய பள்ளம். வண்டி இறங்கியது. ஸ்ட்ராக்கள் நாலும் ஒரே பக்கமாக மடங்கின. நாலு மாடியும் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தன. செர்ரி அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்தது.

அம்மா வண்டியை ஓரம் கட்டினாள். உரிமையாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. சட்டையை அவள் பார்க்கவே இல்லை. தட்டில் படுத்துக் கிடந்த நாலு ஸ்ட்ராவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன இருந்தாலும் கேக்கு வேற, கட்டடம் வேற அக்கா,” என்றார் அவர், காலரிலிருந்து கிரீமை வழித்து நக்கியபடி.

“ஆமா தம்பி. கேக்கு விழுந்தா சட்டையோட போச்சு.”

அவருடைய விரல் வாயருகே நின்றுவிட்டது. அம்மா வண்டியைக் கடைக்குத் திருப்பினாள்.

“தூணைத் தொடக்கூடாது,” என்றாள் அம்மா, இறங்கியதும் இறங்காததுமாக.

கட்டிங் மெஷின்காரர் உரிமையாளரின் சட்டையைப் பார்த்தார். காரணம் கேட்கத் துணியவில்லை. “அது சரிம்மா. ஆனா மெஷினைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்துட்டேன். எதையாவது அறுத்தாத்தானே எனக்கு மனசு ஆறும்?”

அம்மா தார்ப்பாயை இழுத்தாள். அடுப்பின் நெற்றியில் ஒரு தடவை கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

“இதை அறுங்க. ரெண்டு அறைக்கும் நடுவுல. பாத்து, உள்ள வயர் போகுது.”

பொறி பறந்தது. அடுப்பின் ஒரு முனையை உரிமையாளர் கிரீம் சட்டையோடு பிடித்துக்கொண்டார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மூன்றாம் மாடி டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். “கேக்கக்கா, என்ன அங்க இவ்வளவு சத்தம்?”

“உங்க வீடு மூணாவது மாடியிலயே இருக்கட்டும்னுதான் டீச்சர்!”

அந்த நாட்டில் இதற்கு ஒரு ஆபீசர் போதும். இங்கே நாலு துண்டு கேக், ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு முழு அடுப்பு செலவானது.

இப்போது தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதி, இந்தப் பக்கம் ஒரு பாதி. வலப்பக்கத்துப் பாதிக்கு ‘நோஞ்சான்’ என்று பெயர். அறுத்ததிலிருந்து அதற்குச் சூடு ஏற மனசு வருவதில்லை. அதில் வேகும் கேக் ஒரு பக்கம் உப்பும், மறுபக்கம் சப்பிக் கிடக்கும். “ஆசையா வாங்கி அறுத்துட்டு உக்காந்திருக்கேன், கேட்டீங்களா?” என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் அம்மா முறையிடுகிறாள். உரிமையாளர் வாரம் ஒருமுறை வந்து, அடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, தூணை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நேற்று நான் போனபோது நோஞ்சானிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இடப்பக்கத்துப் பாதியைச் சுவரோடு ஒதுக்கிவிட்டதில், இப்போது தூணுக்கு அந்தப் பக்கம் நல்ல அகலமான வழி இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தே வரலாம். அம்மா வலப்பக்கத்து இடுக்கில் உடம்பைத் திருப்பி நுழைந்தாள். போகிற போக்கில், தூணைத் தோளால் ஒரு இடி.