கையில் பலம் இல்லை என்று நான் சொன்ன மூன்று நாள்

என் ஸ்டுடியோ என்று நான் சொல்லிக்கொள்வது பாத்திரக்கடை மாடியில் இருக்கும் ஒரே ஒரு அறை. பத்தடி நீளம், ஒன்பதடி அகலம். கையைத் தூக்கி ஒரு குதி குதித்தால் விரல் கூரையில் பட்டுவிடும். முன்பு அண்டாவும் குண்டானும் அடுக்கி வைத்திருந்த இடம். வெளியே நடையில் ஒரு மேசை போட்டு, கம்ப்யூட்டரையும் மிக்சரையும் அதில் வைத்து, நடுச்சுவரில் ஒரு கண்ணாடி பதித்துக்கொண்டேன். பத்து மணியானால் கீழே கடையில் பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷின் ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் தளத்துக்குள் ஏறி மைக்கில் விழுந்துவிடும். அதனால் எந்த வேலையானாலும் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். பௌர்ணமி அன்று அதுவும் கிடையாது. கிரிவலக் கூட்டத்தின் இரைச்சலை எந்தக் கதவும் தடுக்காது.

பக்கத்துத் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் மலையைப் பற்றி எட்டுப் பாட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். பக்திப் பாட்டுதான், ஆனால் இளவட்டங்களும் கேட்க வேண்டும், அதனால் ட்ரம்ஸ் வேண்டும் என்றார். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல கம்ப்யூட்டரில் இருக்கும் ட்ரம்ஸைப் போட்டு முடித்திருக்கலாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜ ட்ரம்ஸை, நிஜ ஆளை வைத்து, இந்தப் பொந்துக்குள்ளேயே பதிவு செய்து காட்டுகிறேன் என்றேன். ஆறு வருஷம் சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். அங்கே என்ன கற்றுக்கொண்டேன் என்று ஊருக்குக் காட்ட ஆசை.

வாசிக்க அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மாமாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மற்றபடி ஊர்த் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு குழுவில் இருபது வருஷமாக ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். என் அறைக்கு ஒயரிங் செய்து கொடுத்ததும் அவர்தான். நான் கூப்பிட்டபோது என்ன பாட்டு, யார் பாடுவது என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரணும் மாப்ள என்று மட்டும் கேட்டார்.

சின்ன அறையில் ட்ரம்ஸ் பதிவு செய்வதில் தொல்லை ட்ரம்ஸால் வருவதில்லை, சுவரால் வருகிறது. அடித்த சத்தம் மைக்குக்கு வந்து சேரும் முன்னே சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி, அதுவும் பின்னாடியே வந்து சேர்ந்துகொள்ளும். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். லாட்ஜ்காரர் கொடுத்த பழைய பஞ்சு மெத்தைகளைக் கூரையில் கட்டினேன். மூலைக்கு மூலை கம்பளியைச் சுருட்டி நிறுத்தினேன். தலைக்கு மேலே இரண்டு மைக். வழக்கமான உயரத்தில் வைத்தால் கூரையைத்தான் கேட்கும் என்பதால் மாமாவின் நெற்றி உயரத்துக்கு இறக்கினேன். முட்டிகளுக்கு நடுவே வைத்து அடிக்கிற சின்ன ட்ரம்முக்கு ஸ்னேர் என்று பெயர், பாட்டுக்கு முதுகெலும்பே அதுதான். அதிலிருந்து மேலே உள்ள இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்தேன். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்முக்குள் போர்வையைத் திணித்து ஒரு மைக். ஸ்னேர் ஓரத்தில், தோலுக்கு இரண்டு விரற்கடை மேலே, இன்னொன்று. அந்த மைக்குக்கான கேபிளை முந்தின நாள்தான் நானே ஈயம் வைத்துச் செய்திருந்தேன்.

முதல் நாள் காலை மாமா எட்டுப் பாட்டையும் ஒரு சுற்று வாசித்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். என் பின்னால் நாற்காலியில் லாட்ஜ்காரர். முடிந்ததும் முதல் பாட்டைப் போட்டுக் கேட்டோம். ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது. சத்தத்துக்கு உடம்பே இல்லை. லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

உள்ளே பேசும் மைக்கை அழுத்தி, "மாமா, காத்தால சாப்ட்டு தானே வந்தீங்க?" என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்போ கையில் பலம் எங்கே போச்சு, கொஞ்சம் ஜாஸ்தியா அடிங்க என்றேன். ஜாஸ்தியாக அடித்தார். சத்தம் கூடியதே தவிர உடம்பு வரவில்லை. அவர் அழகாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு திருப்பம், சரணம் முடிகிற இடத்தில் ஸ்னேரில் உருட்டி அரை அடி தாமதமாகக் கால் ட்ரம்மில் விழுவது, அதை வேண்டாம் என்றேன். திருவிழாக் கச்சேரிக்கு அதெல்லாம் சரி, இங்கே நேராக அடித்தால் போதும் என்றேன். சென்னையில் என் இஞ்சினியர் வாசிப்பவர்களிடம் பேசும் குரல் அது. ஆறு வருஷம் அந்தக் குரல் என்மேலும் விழுந்திருக்கிறது. அது என் வாயிலிருந்து வருவதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் வேலை தொடங்கும்முன் ஒவ்வொரு மைக்காகத் திறந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, மாமாவின் ஹெட்ஃபோனில் விட்டுச் சரிபார்த்தேன். மாமா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, ஸ்னேர் மைக் பக்கம் குனிந்து பேசினார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. மேல இருக்கற மைக்கு தனியா நல்லா இருக்குது. கிட்ட இருக்கறதும் தனியா நல்லா இருக்குது. ரெண்டும் சேந்தா தான் செத்துப் போவுது. ஒரு காயில தலைகீழா கட்டிட்டா மோட்டார் இப்பிடி தான் முனகும். ஒயரு எங்கனா மாறியிருக்கான்னு ஒரு தபா பாரு."

லாட்ஜ்காரர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேனா என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். பார்த்திருக்க மாட்டேன்.

"மாமா, நீங்க மோட்டார் கட்டுங்க. மைக்க நான் பாத்துக்கறேன்" என்றேன். லாட்ஜ்காரர் சத்தமாகச் சிரித்தார். நான் அழுத்திய பொத்தானை விட்டிருக்கவில்லை. அந்தச் சிரிப்பும் மாமாவின் காதுக்குள் போனது.

அன்று அவரை ஸ்னேரை மட்டும் ஒரு மணி நேரம் அடிக்கவைத்தேன். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்தியிருந்தேன். சுற்றிலும் மெத்தை, கம்பளி. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. தண்ணி வேண்டும் என்று சைகை காட்டினார். கதவைத் திறந்தால் மைக் நகர்ந்துவிடும், இந்தப் பாட்டு முடியட்டும் என்றேன். மைக் ஒன்றும் நகராது. கதவு வெளிப்பக்கம் திறக்கும் கதவு.

மூன்றாம் நாள் மாமா வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே ஹெட்ஃபோனை நீட்டினேன். எட்டுப் பாட்டையும் முதலிலிருந்து எடுத்தோம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இன்னும் கம்மியா இருக்கு மாமா, இன்னும் கம்மியா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறாவது பாட்டில் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி விறகு பிளப்பதுபோல அடித்தார். ஏழாவதில் குச்சி கையிலிருந்து பறந்து மெத்தையில் மோதி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு குச்சியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிளம்பும்போது, "எதனா தேறுமா மாப்ள?" என்று கேட்டார். பாக்கலாம் என்றேன். இறங்கிப் போய் இடது கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை மாடியிலிருந்து பார்த்தேன். ஆக்சிலேட்டரைத் திருக அவரால் முடியவில்லை.

அன்று மத்தியானம் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டுகளைச் சேர்க்க உட்கார்ந்தேன். என்ன செய்தாலும் ஸ்னேர் வரவில்லை. ஒலி அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றிப் போடும் ஒரு பட்டன் உண்டு. வேறு எதுவும் தோன்றாமல் ஸ்னேர் மைக்குக்கு அதை அழுத்தினேன்.

காது நிறைந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல ஒரு அடி. அப்படி ஒரு ஸ்னேரை நான் சென்னையிலும் கேட்டதில்லை. எழுந்து போய் கேபிளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஒயரை இடம் மாற்றி ஈயம் வைத்திருந்தேன். மேல் மைக்குகள் கூட்டியதை அந்த ஒரு மைக் கழித்துக்கொண்டிருந்தது. மாமா ஜாஸ்தியாக அடிக்க அடிக்க அது ஜாஸ்தியாகக் கழித்திருக்கிறது.

முதல் நாள் பதிவுகளைத் திறந்து அதிலும் அந்தப் பட்டனை அழுத்தினேன். எல்லாமே நன்றாக இருந்தன. மூன்றாம் நாளைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தன. கை தளர்ந்து, தாளம் சிரித்துக்கொண்டு போனது. ஆல்பத்துக்கு முதல் நாளையே எடுத்துக்கொண்டேன். கேபிளைச் சரியாக ஈயம் வைத்து ஆணியில் மாட்டினேன். மற்ற இரண்டு நாள் பதிவையும் அழித்தேன்.

லாட்ஜ்காரர் கேட்டுவிட்டு அசந்துபோனார். விரட்டி வேலை வாங்கினாத்தான் இவங்களுக்கெல்லாம் வருது என்றார். நான் தலையாட்டினேன்.

மாமாவுக்கு மணிக்கட்டில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, எண்ணெய் தடவி எல்லாம் பார்த்தார்கள். முறுக்கும் பலம் திரும்பவில்லை. காயில் கட்டுவது முழுக்க மணிக்கட்டு வேலை. கடைக்கு ஒரு ஆளைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுத்து ஓட்டினார். அக்காவின் கோபமெல்லாம் அவர்மேல்தான். இந்த வயசில் ட்ரம்ஸ் கேட்குதா, பாத்து அடிக்கத் தெரியாதா, என் தம்பி நல்லவன் என்பதால் உங்களைப் பொறுத்துக்கொண்டான் என்று என் எதிரிலேயே சொன்னாள். மாமா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். அவள் கொடுத்த காப்பியை நான் குடித்து முடித்தேன். ட்ரம் செட்டைக் கச்சேரிக் குழுவுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். அவர்கள் வேனில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

பாட்டு வெளிவந்து சில மாதம் கழித்து, பௌர்ணமிக்கு அக்கா, மாமா, நான் மூன்று பேரும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடையில் எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நின்றுவிட்டாள். பக்கத்தில் போன ஒரு அம்மாவிடம், இதில் ட்ரம்ஸ் எங்க வீட்டுக்காரர் என்று சொன்னாள். அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். சரணம் முடிந்தது. ஸ்னேர் உருண்டு, அரை அடி தாமதமாகக் கால் ட்ரம்மில் விழுந்தது. மாமா ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் என் அறையின் மின்விசிறியைப் பார்க்க, கடை ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை முடிந்து அந்த ஆளைக் கீழே அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"அது மொத நாளு அடிச்சது. அந்தத் திருப்பத்த அதுக்கப்புறம் நீ போட விடல" என்றார்.

நான் ஆணியில் தொங்கிய கேபிளைப் பார்த்தேன்.

"ஒயரு தானே மாறியிருந்திச்சி?"

ஆமாம் என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, கூரையில் கட்டியிருந்த மெத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்க அக்கா கிட்ட மட்டும் சொல்லிடு மாப்ள. எனக்கு அடிக்கத் தெரியலன்னு நெனச்சிட்டு இருக்கா" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. அதற்குள் அவர் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து முறை போய்ச் சாப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார்.

வேர்க்கடலை பிடுங்கும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். மாமா ஏதோ ஒரு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் நீட்ட, அக்கா பிடுங்கித் திறந்து, கூடவே ஒரு குத்தல் வார்த்தையும் சொன்னாள். அப்போது சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, கேபிளைத் தப்பாகக் கட்டினேன், மாமா முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னார், நான் கேட்கவில்லை, மூன்று நாளும் அவர் சரியாகத்தான் அடித்தார். முதல் நாள் இல்லை, அவர் சொன்னது இரண்டாம் நாள். அதைக்கூட நான் சரியாகச் சொல்லவில்லை.

அக்கா என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவருக்காக நீ இன்னாத்துக்குடா பழியத் தூக்கித் தலையில போட்டுக்கற? சொல்லச் சொன்னாரா?"

அப்படி இல்லை அக்கா என்றேன்.

"தெரியும்டா உன்ன. சின்ன வயசுல இருந்தே இப்பிடி தான், யாரையும் விட்டுக் குடுக்க மாட்ட." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "அவன் வாயால பொய் சொல்ல வெச்சி பேரு வாங்கணுமா உங்களுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை. வராமல் போனதில் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவர் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று என்னைக் கேட்டாள். போடு என்றேன்.