ஏழு கால் சிலந்தி

சலவைக்கடைக்காரியைப் பற்றி அந்தத் தெருவில் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் கைக்குப் போகாத கறையே கிடையாது என்பது ஒன்று. அவள் பெற்ற நாலும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், கடைக்குப் பின்னால் இருக்கும் தேய்க்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை மெச்சிச் சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொள்வார்கள்.

இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மூத்தவளுக்கு ஆறு வயதானபோது நெஞ்சில் சளி கட்டி ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தாள். சும்மா கிடப்பானேன் என்று அம்மாக்காரி ஒரு பெட்டி நிறையப் பயிற்சிப் புத்தகம் வரவழைத்தாள். சளி போய்விட்டது, படிப்பு வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்தவன் வளர்ந்தான், அவனும் மேசைக்கு வந்தான். அவனுக்கு அடுத்தவளும் வந்தாள். மூத்தவளுக்கு இப்போது பதின்மூன்று. எதையும் அழுத்திச் செய்கிறவள் என்பதால் அவளுக்கு 'அழுத்தி' என்று பெயர். அவள் மூடிய குழாயைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். பத்து வயதுக்காரன் 'வக்கீல்'. ஏழு வயதுக்காரி வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள், அவள் 'பூனை'. கடைசியில் கடைக்குட்டி, நாலு வயது, மேசைக்கு அடியில் வாசம்.

பிள்ளைகள்தான் நாலு, புத்தகப் பெட்டி ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை எழுதி முடித்ததும் அம்மாக்காரி எல்லா விடையையும் ரப்பரால் அழிப்பாள். ரொட்டியின் நடுப்பாகத்தைப் பிசைந்து, மிச்சமிருக்கும் பென்சில் கரியை ஒத்தியெடுப்பாள். மடங்கிய மூலைகளுக்கு மட்டும் இளஞ்சூட்டில் இஸ்திரி போடுவாள். அடுத்த பிள்ளைக்குப் புத்தகம் புதுசாகிவிடும்.

"இதுக்குப் பேசாம இன்னொரு பெட்டி வாங்கிடலாமே" என்பான் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக்.

"ஊரார் சட்டையிலேயே கறையை வெளுக்கிறேன், என் பிள்ளை எழுதின பென்சிலையா வெளுக்கத் தெரியாது?"

ஒரே ஒரு பக்கம்தான் அவளிடம் தோற்றது. பின்னால் இருந்த விடைப் பக்கத்தில் யாரோ காபியைக் கொட்டிவிட, அவள் அந்தக் கறையை எடுத்ததில் விடைகளும் சேர்ந்து வெளுத்துப் போயின. அதனால் என்ன, மூத்தவள் எழுதியதை அழிக்குமுன் ஒரு தாளில் குறித்துவைத்து, அதுதான் சரி என்று மற்றவர்களைத் திருத்தினாள். வருஷா வருஷம் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்படி இருக்கையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை அதிகாரி வருவார், நாலு பேருக்கும் எந்தப் பாடத்திட்டம் என்று சொல்ல வேண்டும், பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார். திருப்தி இல்லையென்றால் அடுத்த பருவத்தில் நாலும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அவள் அந்தக் கடிதத்தைத் துணிக் கிளிப்பில் மாட்டி மேசை ஓரத்தில் தொங்கவிட்டாள். ஒவ்வொரு சட்டையைத் தேய்க்கும்போதும் அது அவளைப் பார்த்து ஆடியது. பழைய பெட்டி நைந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். மாதிரிப் புத்தகங்களை வரவழைத்துத் துவைத்த துணிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஒரு பாடத்திட்டம் வயதுக்கு ஒரு பெட்டி என்றது. நாலு பெட்டி, நாலு கால அட்டவணை, நடுவில் இவள் ஒருத்தி. இன்னொன்றில் எல்லாம் கணினியில்; வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதை முதலில் தொடுவது யார் என்பதிலேயே பகல் போய்விடும். மூன்றாவதில் எல்லோருக்கும் ஒரே பாடம், அவரவர் வயதுக்குத் தக்கபடி வேலை.

"இதுதான்" என்றான் புருஷன், கிரீஸ் கையால் அட்டையைத் தொடாமல் காட்டி. "ஒரே லிஃப்ட். அவனவன் மாடி வந்ததும் அவனவன் இறங்கிக்கிறான்."

"உங்க லிஃப்ட் நடுவுல நின்னுபோனா நாலும் உள்ள மாட்டிக்குமே?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"போன மாசம் முழுக்க நீங்க வீட்டுல இருந்தது எத்தனை நாள்னு விரல் விட்டுச் சொல்லுங்க பாப்போம்."

அவன் கை கழுவப் போய்விட்டான். அவளும் முடிவெடுக்காமலேயே புதன்கிழமை வந்துவிட்டது.

அதிகாரிக்கு முன்னால் நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் அண்ணி" என்றாள். சும்மா வந்தவளின் பையில் நாலு சேர்க்கை விண்ணப்பங்கள் எட்டிப் பார்த்தன.

அதிகாரி அம்மா அதிகம் பேசாதவர். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு தாள் கட்டை வைத்துக்கொண்டு, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி அழுத்திக் குறித்துக்கொண்டார். மற்றவர்களை முன்பக்கம் கடைக்குள் அனுப்பிவிட்டுப் பூனையிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அவள் மளமளவென்று எழுதினாள். எல்லாம் சரி. அம்மாக்காரி நாத்தனாரைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி.

அதிகாரி புத்தகத்தை மூடினார். "சிலந்திக்கு எத்தனை கால்?"

"ஏழு."

நாத்தனார் இருமினாள். அதிகாரி வக்கீலைக் கூப்பிட்டார்.

"ஏழு" என்றான். "எறும்புக்கு ஆறு. சிலந்தி அதைவிடப் பெருசு, அதனால ஒண்ணு கூட."

அழுத்தி வந்தாள். "பொதுவாக் கேக்குறீங்களா, இல்ல எங்க வீட்டுச் சிலந்தியா?"

அவளை யாரும் மேலே கேட்பதற்குள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல், "ஏழு!"

"அடக் கடவுளே, அதுக்குமா!" என்றாள் நாத்தனார். "அண்ணி, எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பசங்களே எட்டுன்னு சொல்லுவாங்க."

"ஆளுக்கொரு தப்பு பண்ணினா நான் கவலைப்பட மாட்டேன்" என்றார் அதிகாரி. "நாலு பேரும் ஒரே தப்பு பண்ணுறாங்களே, அது எப்படி?"

அம்மாக்காரிக்குக் காது சூடேறியது. புத்தகத்தை வெடுக்கென்று எடுத்து, வெள்ளைச் சட்டையில் கறை தேடுகிற வழக்கப்படி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். சிலந்திப் படத்துக்குக் கீழே, காகிதத்தில் பள்ளமாக, ஒரு ஏழு. பக்கத்தைப் புரட்டினாள். கூட்டல், கழித்தல், எல்லாக் கணக்குக்கும் விடை பள்ளமாகக் கிடந்தது. கரியைத்தான் அவள் எடுத்திருக்கிறாள். அழுத்தியின் அழுத்தம் அப்படியே இருக்கிறது.

"இது யாரு எழுதினது?"

"எழுதினது நான். அழிச்சது நீ" என்றாள் அழுத்தி.

"விரல் வச்சா வந்துடும்மா" என்றாள் பூனை, உதவி செய்கிற குரலில்.

"நான் காப்பி அடிக்கல" என்றான் வக்கீல். "காப்பின்னா பாத்து எழுதணும். நான் பாக்கவே இல்ல, தடவித்தான் எழுதினேன்."

நாத்தனார் விண்ணப்பங்களை வெளியே எடுத்தாள். அம்மாக்காரி அதைக் கண்டாள். பிள்ளைகளைத் திட்டிவிட்டுத் தான் தப்பிக்க ஒரு நிமிஷம் போதும், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வெளுத்தது தன் கை அல்லவா?

"மேடம், இந்தப் புத்தகத்துல இவங்க எழுதின எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க" என்றாள். "போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், எதையும். கறை போயிடுச்சுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். தப்பு என் மேல. புத்தகம் இல்லாமக் கேளுங்க. தெரியலன்னா... அப்புறம் நீங்க சொல்றபடி."

அதிகாரி பேனாவை மூடினார். "சரி. அந்த ஏழு முதல்ல எங்கேருந்து வந்துச்சு?"

"குளியலறையில ஒண்ணு இருந்துச்சு" என்றாள் அழுத்தி. "எண்ணிப் பாத்துத்தான் எழுதினேன். ஏழுதான் இருந்துச்சு."

"இப்பவும் இருக்கு!" என்று கடைக்குட்டி மேசைக்கு அடியிலிருந்து புறப்பட்டான்.

அப்புறம் யார் சொல்லி யார் கேட்பது. நாலு பிள்ளைகள், அதிகாரி, நாத்தனார் எல்லோரும் அந்தக் குளியலறை வாசலில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். கூரை மூலையில் மூன்று சிலந்திகள். கடைக்குட்டி கவிழ்த்த வாளி மேல் ஏறி ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ண, பூனை கண்ணாடியில் படிந்திருந்த வெந்நீர் ஆவியில் கோடு கோடாகக் குறித்தாள்.

"மொத்தம் இருபத்துமூணு" என்றான் வக்கீல். "மூணு பேருக்குச் சமமாப் பிரிக்க முடியல. ஆளுக்கு எட்டுன்னா இருபத்துநாலு வரணும். அப்ப ஒருத்தன் ஒரு காலைத் தொலைச்சிருக்கான்."

"நான் பாத்ததும் தொலைச்சதுதான்" என்றாள் அழுத்தி மெதுவாக. "மேடம், போன கால் திரும்ப முளைக்குமா?"

"எனக்குத் தெரியாதே" என்றார் அதிகாரி. "கண்டுபிடிச்சு எழுது."

அந்தச் சமயம் பார்த்து நொண்டிச் சிலந்தி நூல் விட்டு இறங்கி நாத்தனார் தோளில் உட்கார்ந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள் நின்றது.

"அத்தை, நீங்க சிலந்திப் பாடம் நடத்துவீங்கல்ல?" என்றான் வக்கீல்.

"படத்துல நடத்துவேன்டா! எடுத்துத் தொலைங்கடா!"

அம்மாக்காரி சிலந்தியை ஒரு கைக்குட்டையில் ஏந்தி ஜன்னலில் விட்டாள். கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஒரே சிலந்திப் பாடம்தான். ஒருவன் எண்ணுகிறான், ஒருத்தி குறிக்கிறாள், ஒருவன் வகுக்கிறான், ஒருத்தி கேள்வி கேட்கிறாள். லிஃப்டுக்காரன் சொன்னது சரிதான் போலிருக்கிறது. அவனிடம் சொல்லக் கூடாது.

அதிகாரி திரும்பி வந்து வெகுநேரம் எழுதினார். எழுதிய தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வெற்றுத் தாளை மேசையில் வைத்தார். "பாடத்திட்டத்தை இதுல எழுதி அனுப்புங்க. முடிவு தபால்ல வரும்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டார்.

"பத்து நாளாவது ஆகும் அண்ணி" என்றாள் நாத்தனார், தோளைத் தட்டிக்கொண்டே. "அதுவரைக்கும் இந்த விண்ணப்பம் கையோட இருக்கட்டும். நல்லபடியா வரும்னு எனக்குத் தோணல."

பூனை அந்த வெற்றுத் தாளை எடுத்தாள். ஜன்னலருகே போய்ச் சாய்த்துப் பிடித்து, விரலை வைத்தாள்.

"ஆறு... மாதம்... அனுமதிக்கலாம்" என்று எழுத்துக் கூட்டினாள். "அழித்த... புத்தகம்... கூடாது. பிள்ளைகள்... நன்றாக... யோசிக்கிறார்கள். தாய்... உண்மை சொன்னார்."

மறுபடி தேய்க்கத் தொடங்கியிருந்த அம்மாக்காரி இஸ்திரிப் பெட்டியை அப்படியே கீழே வைத்தாள். அடியில் யாரோ வாடிக்கையாளர் சட்டை இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"இன்னும் இருக்கும்மா" என்றாள் பூனை. "அத்தை... அதிகம்... பேசுகிறார்."

நாத்தனார் பையைத் தேடினாள்.

"அம்மா, சட்டை!" என்று கத்தினாள் அழுத்தி. சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குப் பழுப்பாக ஒரு அச்சு விழுந்திருந்தது. சலவைக்கடைக்காரி அதைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கைக்குப் போகாத முதல் கறை. சிரிப்பு வந்துவிட்டது.