முதல் தடவையே வாங்கிக்கொள்

போன மார்ச் மாதம் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் ராசிபுரம். கனடாவின் வடகோடியில், இனுவிட் மக்கள் வாழும் ஒரு சிற்றூரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறைந்த கடலில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனவர்கள் என்னையும் அழைத்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா, மான் தோலில் தானே தைத்த பூட்ஸை நீட்டி, "போட்டுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். எனக்கு ஆசைதான். ஆனால் நம் ஊர்ப் பழக்கம் விடுமா? முதல் தடவை "வேண்டாம்" என்றுதானே சொல்வோம்! இன்னொரு தடவை கேட்பார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவரோ பூட்ஸை உள்ளே வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறிவிட்டார். அங்கெல்லாம் வேண்டாம் என்றால் அதோடு சரி. வற்புறுத்தினால் மரியாதைக் குறைவாம். கடையில் வாங்கிய பூட்ஸோடு நானும் ஏறிக்கொண்டேன்.

மத்தியானம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. அந்த ஐயா கொஞ்சமும் பதறவில்லை. நீளக் கத்தியால் பனியைக் கட்டி கட்டியாக அறுத்து அடுக்கி, ஒரு மணி நேரத்தில் பனிவீடு கட்டிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், என் கால்விரல்களில் உணர்ச்சியே இல்லை. அது எதில் போய் முடியும் என்று நர்ஸுக்குத் தெரியாதா? விரல்களை வெட்டி எடுக்க வேண்டி வருமோ என்று பயந்து அழுதுவிட்டேன்.

அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. என் பூட்ஸைக் கழற்றி, தன் சட்டையைத் தூக்கி, என் இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். மூத்தவர்கள்மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர்க்காரி நான். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாமா?" என்றார்.

இப்போதும் மறுத்தால் விட்டுவிடுவார் என்று புரிந்தது. "வேணும்மா, வேணும்!" என்று தமிழிலேயே சொல்லிக் காலை நீட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் சுரீரென்று வலிக்கத் தொடங்கின. அந்த வலிக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்! புயல் ஓயும்வரை மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு கதை பேசினோம்.

போனில் இதைச் சொன்னதும் என் அம்மா, "ஏஞ்சாமி, வேணும்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதாக்கும்?" என்று திட்டித் தீர்த்தார். பிறகு, "அவிய நல்லா இருக்கோணும்" என்றார்.

பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. யாராவது அன்போடு எதையாவது நீட்டினால், அந்த வயிற்றின் சூடு இன்னும் என் பாதத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மறு பேச்சில்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.