கடுகு போடாத குழம்பு

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி லோபாக்கிற்குப் போய்விட்டாள். பகாவ் பக்கத்துத் தோட்ட வீட்டில் நானும் ஒரு சாம்பாரும் மட்டும் மிஞ்சினோம். எனக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான். ஆறு நாளாக என் மதியச் சாப்பாட்டில் அதையே பார்த்த நண்பனுக்குப் பொறுக்கவில்லை. அவன் மலாய்க்காரன், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை நிறுக்கும் இடத்தில் என்னோடு வேலை பார்ப்பவன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவான்.

“அண்ணே, மசாக் லெமாக் செய்யுங்க. சிலி பாடி, அதான் அந்தக் குட்டி மிளகா, அதையும் பச்ச மஞ்சளையும் இடிச்சு, தேங்காய்ப்பால்ல கலக்கி, புகை போட்ட மீனப் போட்டுக் கிண்டிக்கிட்டே இருங்க. அவ்வளவுதான் லா.”

“எப்பத் தாளிக்கிறது?”

“தாளிக்கக் கூடாது. எண்ணெயே கிடையாது.”

நான் நம்பவில்லை. நமக்குக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை; சீனர் கடையில் இஞ்சி, பூண்டு. எதுவானாலும் முதலில் எண்ணெய் காய வேண்டாமா? ஏதோ ஒன்றை மறைக்கிறான் என்றே பட்டது. மனைவிக்குப் போன் போட்டேன்.

“தாளிக்காம ஒரு குழம்பா? அந்தத் தம்பி வீட்டுல அடுப்படிப் பக்கமே போயிருக்காது. நீங்க தாளிங்க.”

மாலையில் குழம்பு மஞ்சளாகக் கொதித்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கடுகு வெடிக்க வெடிக்க அதன் தலையில் கொட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து நண்பன் ஓடி வந்தான்.

“என்னாண்ணே சத்தம்?”

உட்கார்ந்து சாப்பிட்டான். ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். உளுந்து பல்லில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

“அண்ணே, இது அந்த மீனுக்குச் செஞ்ச துரோகம்.”

மறுநாள் அவனே மீனோடு வந்தான். முதல் வேலையாகக் கடுகு டப்பாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்பருகே நின்றான். எண்ணெய் போத்தலை நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் இருமினான். வேறு வழியில்லாமல் அப்படியே இறக்கினேன்.

முதல் வாயிலேயே காரம் காது வரை ஏறியது. பின்னாலேயே தேங்காய்ப்பால் வந்து சமாதானம் செய்தது. வேர்த்துக் கொட்டக் கொட்ட மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். தாளிக்காத ஞாபகமே வரவில்லை.

மனைவியிடம் போனில் சொன்னேன்.

“சரி, எண்ணெய் மிச்சம்னு வச்சுக்குங்க,” என்றாள்.

அதற்கு மேல் அவளால் இறங்கி வர முடியவில்லை.